நாலாவது ஆள்

மூன்று பேராக எங்கேயும் புறப்படக் கூடாது என்பதில் எங்கள் ஆட்கள் பிடிவாதமானவர்கள். புறப்படத்தான் வேண்டும் என்றால், ஒரு கல்லை எடுத்து வைத்துக்கொண்டு அதை நாலாவது ஆளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். திரும்பி வீட்டுக்குள் கால் வைக்கும்வரை யார் கேட்டாலும் நாலு பேர் என்றுதான் சொல்ல வேண்டும். இதை நம்புகிறாயா என்று கேட்டால், இல்லவே இல்லை என்று சத்தியம் செய்வேன். ஆனால் பீல் நகரத்து மணிக்கூட்டுத் தொழிற்சாலையில், என் மேசை லாச்சியின் அடியில், கண்ணாடி துடைக்கும் துணியில் சுற்றிய ஒரு கல் கிடக்கிறது. முப்பத்து மூன்று வருடமாக அதை என்னால் எறிய முடியவில்லை. ஏன் எறியவில்லை என்று யாரும் கேட்டதில்லை. அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

போன செப்டெம்பரில் மகள் ஒரு சுற்றுலாவுக்குப் பதிந்துவிட்டு வந்து நின்றாள். லுகானோவில் இருந்து காலை ஏழு மணிக்குச் சின்ன வான். எல்லை தாண்டி இத்தாலிக்குள் போய், இரண்டு கடற்கரை ஊர்களைக் காட்டிவிட்டு, அன்றைக்கே திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். ஆட்கள் அதிகம் இல்லை, வழிகாட்டியே வானையும் ஓட்டுவார்.

"அம்மாவுக்குக் கடல் பாக்க ஆசை. நீங்கள் ஒவ்வொரு முறையும் ஏதாவது சாட்டுச் சொல்லிறீங்கள் அப்பா" என்றாள்.

அவள் சொன்னதில் பிழை இல்லை. நாங்கள் பாரிசுக்குப் போயிருக்கிறோம், கனடாவுக்குப் போயிருக்கிறோம். இத்தாலிக்கு மட்டும் நான் லீவு இல்லை, முதுகு வலி, வெயில் அதிகம் என்று தட்டிக் கழித்துக்கொண்டே வந்தேன். அங்கே போக வேண்டுமென்றால் சியாசோ எல்லையைக் கடக்க வேண்டும். என் மனைவியின் அண்ணா அந்த எல்லையில்தான் காணாமல் போனார். இத்தாலியில் இருந்து களவாக இந்த நாட்டுக்குள் வந்த அந்த விடியற்காலையில் அவரோடு நின்றவன் நான்.

காட்டுக்குள் இருட்டில் ஒருவரையொருவர் தவறவிட்டோம் என்றுதான் நான் அவர் வீட்டுக்கு எழுதினேன். பதில் எழுதியது அவருடைய தங்கை. முதல் கடிதத்தில் அண்ணாவைப் பற்றிப் பதினைந்து கேள்விகள் இருந்தன. நான் பதில் போட, அவள் திரும்ப எழுத, ஐந்து வருடம் கழித்து அது கல்யாணத்தில் வந்து முடிந்தது. அவரைத் தேடித் தரச் சொல்லி எத்தனையோ அலுவலகங்களுக்கு விண்ணப்பம் கொடுத்தோம். ஒரு இடத்திலும் அவர் பெயர் அகப்படவில்லை. வழியில், இத்தாலியில் தங்கியிருந்த வீட்டு வாசலில் நின்று அவர் எடுத்து அனுப்பிய படம் எங்கள் வரவேற்பறையில் இருக்கிறது. யாரோ கொடுத்த, அளவு பெரிதான ஒரு மண்ணிற ஜாக்கெட்டோடு சிரிக்கிறார். படத்துக்கு மாலை இல்லை, பொட்டு இல்லை. என் மனைவி அவரைப் பற்றிக் கதைக்கும்போது "இருக்கிறார்" என்பாள், ஒருநாளும் "இருந்தார்" என்றதில்லை. திவசம் செய்யச் சொன்ன சொந்தக்காரர்களிடம், திதி தெரியாமல் எப்படிச் செய்கிறது என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள். திதி தெரிந்தவன் நான் பக்கத்தில் இருந்தேன். அவள் என்னிடம் கேட்டதே இல்லை. கேட்டால் அவர் செத்துவிட்டார் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும்.

லுகானோ ஸ்டேஷன் வாசலில் மகள் கோப்பி வாங்கப் போனாள். என் மனைவி பூப்பாத்திக்குள் குனிந்து எதையோ தேடினாள். நிமிர்ந்தபோது அவள் கையில் கோழிமுட்டை அளவில் ஒரு சாம்பல் நிறக் கல் இருந்தது.

"மூண்டு பேரல்லோ" என்றாள், கைப்பைக்குள் போட்டுக்கொண்டே.

நாங்கள் இரண்டு பேராகவோ குடும்பங்களோடு கூட்டமாகவோதான் எப்போதும் பயணம் போயிருக்கிறோம். மூன்று பேராக, கல்லோடு, அதுவும் அந்த எல்லைக்கு. அதை எறி என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்பாளே என்று மூடிக்கொண்டேன்.

வழிகாட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கையில் பட்டியல், கழுத்தில் விசில், முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை. நீங்கள் எத்தனை பேர் என்று ஜெர்மனில் கேட்டாள். என் மனைவி தயங்காமல் நாலு என்றாள். வழிகாட்டி பட்டியலைப் பார்த்தாள், எங்களுக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தாள், பென்சிலால் மூன்றை வெட்டி நாலு போட்டாள். "பரவாயில்லை, ஒரு இடம் இருக்கிறது" என்றாள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

முன் இருக்கையில் புதிதாகக் கல்யாணம் கட்டிய ஒரு சோடி ஏறியது. நடு வரிசையில் ஒரு யன்னலோரம், ஊன்றுகோலோடு தனியாக வந்த வயதான பேர்ன் நகரத்துப் பெண்மணி. மற்ற யன்னலோரம் என் மனைவி. இருவருக்கும் நடுவில் கைப்பை. பின்னால் நானும் மகளும். வான் புறப்பட்டதும் முன்னால் கீக் கீக் என்று ஒரு சத்தம்.

"நடுவில் இருப்பவர் பெல்ட் போடவும்" என்றாள் வழிகாட்டி, திரும்பாமலே.

நடுவில் யாரும் இல்லை. பைக்குள் கல்லும், மீன் ரோல்ஸும், இரண்டு போத்தல் தண்ணீரும் இருந்தன. பாரத்துக்கு அடிக்கிறது என்று மகள் சிரித்தாள். என் மனைவி பெல்ட்டை இழுத்துப் பைக்கு மேலால் பூட்டினாள். சத்தம் நின்றது.

சியாசோவில் எங்களை ஒருவரும் மறிக்கவில்லை. சீருடைக்காரன் ஒருவன் கைகாட்டி அனுப்பினான். எங்கள் கடவுச்சீட்டு சிவப்பு, நாங்கள் இந்த நாட்டுக்காரர். வலது பக்கத்து மலையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். மரங்கள் வளர்ந்து வழி எதுவும் தெரியவில்லை.

முதல் ஊர் சாந்தா மார்கெரிதா. கடலைக் கண்டதும் என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி ஓடினாள். எனக்கும் கொஞ்சம் மனம் இளகியது. பிறகுதான் வீடுகளைக் கவனித்தேன். அந்தப் பக்கத்து ஊர்களில் சுவர்களில் யன்னலைக் கட்டாமல் வரைந்துவிடுவார்களாம். சட்டம், கதவு, கதவின் நிழல், பாதி விலகின திரை, எல்லாம் வெறும் பெயின்ட். எது திறக்கும், எது திறக்காது என்று கிட்டப் போனால்தான் தெரியும். நான் சின்னத் திருகாணிகளைப் பார்த்துப் பிழைக்கிறவன், கண் அவ்வளவு சீக்கிரம் ஏமாறாது. அங்கே நாலு தரம் ஏமாந்தேன். ஐந்தாவது தரம், மூன்றாம் மாடியில் வரைந்த ஒரு யன்னலில் யாரோ விலகிப் போனது போல இருந்தது. வெயிலில் கண் கூசியிருக்கும்.

மத்தியானம் திரும்ப ஏறும்போது வழிகாட்டி வாசலில் நின்று தலைகளை எண்ணினாள். "ஏழு" என்று சொல்லிக் கதவை இழுத்துச் சாத்தினாள். நான் மனதுக்குள் எண்ணினேன். அந்தச் சோடி இரண்டு, பேர்ன் பெண்மணியோடு மூன்று, எங்களோடு ஆறு. என் வேலைக்கு எண்ணிக்கை முக்கியம், ஒரு திருகாணி கூடினாலும் குறைந்தாலும் மேசையை விட்டு எழும்ப விடமாட்டார்கள். இன்னொரு தரம் எண்ணினேன். ஆறுதான்.

வழியில் பேர்ன் பெண்மணி நித்திரையால் எழும்பி, கையில் பாதி ரோல்ஸோடு என் பக்கம் திரும்பினாள்.

"உங்கள் ஆள் தந்தார். நல்ல உறைப்பு" என்றாள். "அதிகம் பேசமாட்டார் போல, இல்லையா?"

என் மனைவிதான் கொடுத்திருப்பாள், கிழவி அரைத் தூக்கத்தில் உளறுகிறாள் என்று மகள் என் காதுக்குள் சொன்னாள். என் மனைவி கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டதா இல்லையா என்று பின்னால் இருந்து தெரியவில்லை.

இரண்டாவது ஊர் கமோலி. மீன்பிடித் துறைமுகம், அதை ஒட்டி ஒரு தேவாலயம், பின்னால் ஆறு ஏழு மாடி வீடுகள் நெருக்கமாக நிற்கின்றன. ஐந்து மணிக்குத் தேவாலயப் படியடிக்கு வந்துவிட வேண்டும் என்பது கட்டளை. நாங்கள் எல்லாரும் ஐந்து நிமிடம் முந்தியே வந்துவிட்டோம். வழிகாட்டி எண்ணினாள். திரும்ப எண்ணினாள்.

"உங்கள் நாலாவது ஆள் எங்கே?"

மகள் சிரித்துக்கொண்டு விளக்கம் சொன்னாள். அது ஒரு வழக்கம், நாலாவது ஆள் என்பது அம்மாவின் பைக்குள் இருக்கிற ஒரு கல், மன்னிக்க வேண்டும், இடையில் சொல்லாமல் விட்டது எங்கள் பிழை. வழிகாட்டி சிரிக்கவில்லை.

"மற்றவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதுகிறவள் இல்லை நான். காலையில் எண்ணினேன், ஏழு. மத்தியானம் எண்ணினேன், ஏழு. அவர் இறங்கியதையும் பார்த்தேன்."

"எங்களுக்கு நடுவில்தானே இருந்தார்" என்றாள் பேர்ன் பெண்மணி. "மண்ணிற ஜாக்கெட். இந்த வெயிலுக்கு ஏன் அது என்று நினைத்தேன்."

மகள் சிரிப்பை நிறுத்தினாள். அந்தப் படத்துக்குக் கீழே இருந்து வீட்டுப்பாடம் செய்து வளர்ந்த பிள்ளை அவள். என் மனைவி கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"பதினொரு வருடமாக ஆட்களைக் கூட்டிவருகிறேன், ஒருவரையும் விட்டுவிட்டுப் போனதில்லை" என்றாள் வழிகாட்டி. "ஒன்று, அவர் வர வேண்டும். அல்லது அவர் வரமாட்டார் என்று குடும்பத்தில் ஒருவர் என்னிடம் சொல்ல வேண்டும். அதுவரை வான் அசையாது."

"அம்மா, அது கல் எண்டு நீங்கள் சொல்லுங்கோ. ப்ளீஸ்" என்றாள் மகள்.

என் மனைவி அசையவில்லை. வீடு போய்ச் சேருமுன் அதைச் சொல்லக் கூடாது என்பதாலா, அந்த ஜாக்கெட்டாலா, எனக்குத் தெரியாது. வழிகாட்டி என்னைப் பார்த்தாள். "நீங்கள் போய்ப் பார்த்துக்கொண்டு வாருங்கள்" என்றாள்.

கல்லைத் தேடிப் போகச் சொல்கிறாள். நான் போனேன்.

வீடுகளுக்கு இடையில் படிக்கட்டு ஒழுங்கைகள் மேலே ஏறின. வெயில் அதற்குள் இறங்கவில்லை. ஏறிக்கொண்டே அந்த விடியற்காலையை நினைத்தேன். நினைக்காமல் இருக்க முப்பத்து மூன்று வருடம் பாடுபட்டவன், ஐந்து நிமிடத்தில் முழுதையும் நினைத்துவிட்டேன்.

அன்று நாங்கள் மூன்று பேர்: அண்ணை என்று நான் கூப்பிட்ட அவர், கூட வந்த இன்னொருவர், நான். அமாவாசையாகப் பார்த்துத்தான் எங்களை அனுப்பினார்கள். மலையடியில் நின்று அண்ணை குனிந்து ஒரு கல்லை எடுத்தார். "மூண்டு பேர் சரிவராது. டேய், இவன்தான் நாலாவது ஆள். நீதான் இவனுக்குப் பொறுப்பு" என்று சிரித்துக்கொண்டு என் சேர்ட் பொக்கெட்டுக்குள் போட்டார். எனக்கு இருபத்து நாலு வயது. மேலே கம்பி வேலியடியில் ஒரு இத்தாலிக்காரன் எங்களைக் கடத்திவிட நின்றான். அண்ணையும் மற்றவரும் முன்னால் குனிந்து போய்விட்டார்கள். கடைசி ஆளான என்னிடம் அவன் விரலை மடக்கிக் காட்டி எத்தனை பேர் என்று கேட்டான். யார் கேட்டாலும் நாலு என்றுதான் சொல்ல வேண்டும் என்று எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். நான் நாலு விரலைக் காட்டினேன். அவன் கையிலிருந்த கருவியில் கீழே நின்றவனுக்கு அதைச் சொன்னான்.

கீழே, எல்லையின் இந்த நாட்டுப் பக்கத்தில், ஒரு வான் விளக்கில்லாமல் நின்றது. ஓட்டுநர் எங்களை எண்ணினான். மூன்று. நாலு விரலைக் காட்டி மலைப்பக்கம் கையை நீட்டிக் கத்தினான். அவனுக்கும் எங்களுக்கும் பொதுவான மொழி ஒன்றும் இல்லை. எனக்கு உடனே விளங்கிவிட்டது. அண்ணைக்கு வேறு மாதிரி விளங்கியது. நாங்கள் தங்கியிருந்த வீட்டில் இன்னும் பொடியன்கள் இருந்தார்கள், அவர்களில் ஒருவனை எங்களுக்குப் பின்னால் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

"ஆரோ பின்னால நிக்கிறான் போல. பாவம். பாத்துக்கொண்டு வாறன்" என்றார்.

பொக்கெட்டுக்குள் என் கை கல்லைப் பிடித்திருந்தது. அண்ணை, அது கல்லு, நான்தான் நாலு எண்டு காட்டினனான். இவ்வளவுதான் சொல்ல இருந்தது. சொன்னால் ஓட்டுநர் அடிப்பான், எங்களை இறக்கிவிடுவான் என்று பயந்தேன். ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவார் என்றும் நினைத்தேன். அவர் மரங்களுக்குள் போனார். எங்கோ நாய் குரைத்தது, ரோட்டில் ஒரு விளக்கு வெளிச்சம் திரும்பியது, ஓட்டுநர் வானை எடுத்துவிட்டான். மற்றவருக்கு என் விரல் கதை தெரியாது. அவர் பிறகு கனடாவுக்குப் போய்விட்டார்.

ஒழுங்கை முடியும் இடத்தில் ஒரு முற்றம், நாலு பக்கமும் சுவர், எல்லாம் வரைந்த யன்னல்கள். ஒன்றுகூடத் திறக்காது. நான் என்ன நினைத்தேனோ தெரியாது, மூச்சு வாங்க நின்றவன், "அண்ணை" என்று கூப்பிட்டேன். மெல்லத்தான் கூப்பிட்டேன்.

"வாறன்" என்று ஒரு குரல் கேட்டது.

மேலே இருந்தா, பின்னால் இருந்தா என்று சொல்ல முடியாது. ஆண் குரல். அவசரம் இல்லாமல், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் பதில் சொல்வதுபோலச் சொன்னது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. திரும்பினால், நாலைந்து படி கீழே என் மனைவி நின்றாள்.

"நீரோ இப்ப வாறன் எண்டனீர்?" என்றேன்.

"இல்லை."

"உமக்குக் கேட்டதோ?"

"ஏன் அண்ணையைக் கூப்பிட்டனீங்கள்?" என்றாள்.

நான் படியில் குந்திவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கல்லை, விரலை, பொக்கெட்டுக்குள் இருந்த கையை, தொழிற்சாலை லாச்சியை. அழவில்லை. அழுதால் அவள் என்னைத் தேற்ற வேண்டிவரும், அதற்கு எனக்கு உரிமை இல்லை. அவள் நின்றபடியே கேட்டாள். வெளியே துறைமுகத்தில் ஒரு படகு வந்து சேர்கிற சத்தம் கேட்டது.

"போகேக்க என்ன சொன்னவர்?"

"பாத்துக்கொண்டு வாறன் எண்டு."

"நீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"ஒரு சொல்லு" என்றாள். "ஒரே ஒரு சொல்லு."

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திரும்பிப் படியால் இறங்கினாள். நான் பின்னால் போனேன். முற்றத்தை ஒருதரம் திரும்பிப் பார்க்க வேண்டும்போல இருந்தது, பயத்தில் பார்க்கவில்லை.

வழிகாட்டி பட்டியலோடு அதே இடத்தில் நின்றாள். என் மனைவி அவளுக்கு நேரே போய் நின்றாள். அவளுடைய ஜெர்மன் மொழி, வேலை செய்கிற மருத்துவமனைச் சமையலறையில் பொறுக்கியது, எப்போதும் அரைகுறையாக வரும். அன்றைக்கு ஒவ்வொரு சொல்லாக, பிழையில்லாமல் சொன்னாள்.

"அது என்னுடைய அண்ணா. அவர் வரமாட்டார். நாங்கள் போவோம்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். வழிகாட்டி என் மனைவியின் முகத்தைப் பார்த்தாள். பென்சிலால் ஒரு கோடு போட்டாள். எங்களை எண்ணினாள். ஆறு வந்தது.

வானில் என் மனைவி கைப்பையை இந்த முறை மடியில் வைத்துக்கொண்டாள். நடுவில் இருக்கை வெறுமையாக இருந்தது. வான் துறைமுகத்தை விட்டு மேட்டில் ஏறியதும் கீக் கீக் என்று சத்தம் வந்தது. வழிகாட்டி கண்ணாடிக்குள்ளால் பின்னுக்குப் பார்த்தாள். பேர்ன் பெண்மணி தன் ஊன்றுகோலைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள், ஒருவருக்கு இடம் விடுவதுபோல. என் மனைவி திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி, வெறும் இருக்கையின் பெல்ட்டை இழுத்துப் பூட்டினாள். சத்தம் நின்றது.

மிலானைத் தாண்டும்வரை மகள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் என் மனைவியின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டு வருடம் பக்கத்தில் படுத்த ஒருத்தியிடம் எனக்கு அவ்வளவு பயம் வந்தது.

சியாசோவுக்கு வரும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. மலை கறுப்பாக நின்றது. சீருடைக்காரன் வானை நிறுத்தச் சொல்லி, டோர்ச் வெளிச்சத்தை உள்ளே அடித்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். வெளிச்சம் நடு இருக்கையில் மற்ற இடங்களில் நின்ற அளவு நேரமே நின்றது. பிறகு கையைக் காட்டினான். வான் உருண்டு இந்தப் பக்கம் வந்தது. முதல் சிவப்பு விளக்கில் நின்றபோது, என் மனைவி கையை நீட்டி அந்த இருக்கையின் பெல்ட்டைக் கழற்றிவிட்டாள்.

பச்சை விழுந்து வான் புறப்பட்டது. சத்தம் வரவில்லை.

அவள் அப்போதும் திரும்பவில்லை. கமோலியை விட்டு வெளிக்கிட்ட பிறகு முதல்முதலாக வாயைத் திறந்தாள்.

"அண்டைக்கு என்ன திதி?"

"கார்த்திகை அமாவாசை" என்றேன்.